படூக்காவைக் கடந்து போகும் கப்பல்கள்

நியூ ஆர்லியன்ஸ்
ஜனவரி 16, 1944

அன்புள்ள ஐடா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நம் ஊரில் கட்டிய கப்பல், நான், உன் பையன் டெல் மூவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இத்தனை வருஷமாக இந்த ஆற்றில் படகு ஓட்டுகிறேன், இப்படியொரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை. அடிப்பாகம் தட்டை. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் போவேன் என்கிறது. நம் ஊர் தானியக் களஞ்சியம் ஒன்றைப் பெயர்த்து ஆற்றில் போட்டு, ‘ஓட்டு’ என்று என்னிடம் கொடுத்த மாதிரி இருந்தது. முன்பக்கம் முழுவதும் கதவு. கடற்கரையில் போய் முட்டி நின்றதும் அந்தக் கதவு திறந்து, வயிற்றுக்குள்ளிருந்து டாங்கிகள் இறங்கி ஓடுமாம். இதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, ஒரு எண் மட்டும்தான். அதையும் கடிதத்தில் எழுதக்கூடாது என்கிறார்கள். பையன்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘மெதுவாய்ப் போகும் பெரிய இலக்கு’. அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

டெல் கீழே எஞ்சின் அறையில். ஆற்றில் வழிகாட்டும் பைலட்டாக நான் மேலே சுக்கான் அறையில். நடுவில் ஒரு பேசும் குழாய். வளைவுக்கு வளைவு நான் உத்தரவு கொடுக்க, அவன் குழாய் வழியாகக் கத்துவான்.

“பைலட் ஐயா! முன்னாடி போ, நிறுத்து, பின்னாடி வா, மறுபடி முன்னாடி போ! நாங்க என்ன தையல் மெஷினா?”

“ஆத்துக்கிட்ட கேளுடா. அது சொல்றதத்தான் நான் சொல்றேன்.”

“வீட்லயும் இப்படித்தான். அம்மா சொல்றதத்தான் நீங்க சொல்வீங்க.”

கேப்டன்கூடச் சிரித்துவிட்டார். ஒரு மத்தியானம், ஆறு நேராக இருந்த இடத்தில், கேப்டன் அனுமதி கொடுத்து அவனை மேலே வரச் சொன்னார். சுக்கானைப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டினான். கை நன்றாக இருக்கிறது ஐடா. என்னைவிட மென்மையான கை. போர் முடிந்ததும் அவனுக்கு ஆற்றைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இங்கே கடற்படைக்காரர்கள் கப்பலை வாங்கிக்கொண்டார்கள். கொடியேற்றினார்கள். டெல் கப்பலோடு இருந்துவிட்டான், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ரயிலில் இடம் கிடைக்க ஒரு வாரமாவது ஆகும் போலிருக்கிறது.

ஹார்லன்


எவன்ஸ்வில்
ஜனவரி 21, 1944

ஹார்லன்,

கப்பலைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறாய். பையன் சரியாகச் சாப்பிட்டானா, இருமல் போய்விட்டதா என்று ஒரு வரி கிடையாது. நான் கொடுத்தனுப்பிய ஆப்பிள் ஜாமை அவன் சாப்பிட்டானா, இல்லை நீ சாப்பிட்டாயா?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல். அந்தக் கதவு திறக்கும்போது எஞ்சின் அறை எங்கே இருக்கும்? பின்னால்தானே? கதவுக்கும் அவனுக்கும் நடுவில் கப்பல் முழுவதும் இருக்கும் அல்லவா?

இருக்கும் என்று எழுது. நான் தூங்க வேண்டும்.

ஐடா


படூக்கா
ஆகஸ்ட் 3, 1944

ஹார்லன்,

நீ திரும்பி வந்து பார்த்தபோது வீடு காலியாக இருந்திருக்கும். நான் நெட்டி வீட்டில் இருக்கிறேன். தங்கை வீடு என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தந்தி வந்த நாளிலிருந்து நீ வாய் திறக்கவில்லை. அது எனக்குப் புரிந்தது. நானும் பேசவில்லை. மேஜையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ, நடுவில் அந்தத் தந்தி. அப்படியே இருந்திருக்கலாம். பிறகு ஒரு காலையில் நீ சவரம் செய்துகொண்டாய். கோட்டு போட்டுக்கொண்டாய். தேவாலயத்துக்குப் போகிறாய் என்று நினைத்து நானும் தொப்பியை எடுத்தேன்.

“கப்பல் தயாரா இருக்காம்” என்று சொன்னாய்.

“எந்தக் கப்பல்?”

“அதே மாதிரி இன்னொண்ணு.”

நான் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தேன் ஹார்லன். அதே மாதிரி இன்னொன்று! நம் பிள்ளையை ஒன்றில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாய், அவன் பிரான்ஸில் எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கிறான், எந்த இடம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. நீ அடுத்ததை ஓட்டப் போகிறாய். அதில் எத்தனை அம்மாக்களின் பிள்ளைகள்? அவர்களோடும் குழாயில் வேடிக்கை பேசினாயா?

கோழிகளைப் பக்கத்து வீட்டு ரோடாவிடம் கொடுத்திருக்கிறேன். முட்டை கேட்டால் தருவாள்.

ஐடா


எவன்ஸ்வில்
செப்டம்பர் 10, 1944

ஐடா,

வேடிக்கை பேசவில்லை. அந்தக் குழாயில் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

அதிலும் பையன்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் போனேன். இதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கிறது. மணல்திட்டுகள் ஒவ்வொரு வாரமும் இடம் மாறுகின்றன. தெரியாதவன் ஓட்டினால் அடித்தட்டு கிழியும். கிழிந்ததைக் கண்துடைப்பாக ஒட்டி, அந்த ஓட்டையோடு அவர்களைக் கடலுக்கு அனுப்புவார்கள். நான் ஓட்டினால் கிழியாது. என்னால் முடிந்தது அவ்வளவுதான். கடலில் என்ன நடக்கிறது என்பது என் கையில் இல்லை. கடல்வரைக்கும் என் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் உட்கார்ந்தால் அவன் அறைக் கதவு எதிரில் தெரிகிறது.

அதற்கடுத்த பயணத்தில் படூக்காவைக் கடக்கும்போது சங்கு ஊதினேன், கேட்டதா? ஒரு நீளம், இரண்டு குட்டை. இனி ஒவ்வொரு முறையும் ஊதுகிறேன். நீ எதுவும் செய்ய வேண்டாம். கேட்டால் போதும்.

ஹார்லன்


படூக்கா
அக்டோபர் 29, 1944

ஹார்லன்,

ஊதாதே.

ஆற்றிலிருந்து தப்பிக்கலாம் என்று இங்கே வந்தேன். எவ்வளவு முட்டாள் நான், இதுவும் அதே ஆறுதானே. நெட்டியின் சமையலறை ஜன்னல் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது. நீங்கள் கட்டி அனுப்பும் ஒவ்வொரு கப்பலும் என் கண் முன்னால்தான் போகிறது. ஓரத்தில் வரிசையாகப் பையன்கள் நின்று கையசைக்கிறார்கள். நெட்டி துணி உலர்த்துவதை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தலையணை உறையை ஆட்டுகிறாள். நான் ஜன்னலை மூடிவிடுவேன்.

போன வாரம் மூடவில்லை. ஒரு சிவப்பு முடிக்காரன் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்து ஆட்டினான். என்னை அறியாமல் நானும் கையை உயர்த்திவிட்டேன். அன்று முழுவதும் என் கை மேல் எனக்கே கோபம். கையசைத்தால் ‘போய் வா’ என்று சொன்னதாக ஆகிவிடாதா? நான் யாரையும் போகச் சொல்லவில்லை.

சங்குச் சத்தம் கேட்டால் எந்தக் கப்பலில் நீ இருக்கிறாய் என்று தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருந்தால் எனக்கு நல்லது.

ஐடா


எவன்ஸ்வில்
அக்டோபர் 14, 1945

ஐடா,

ஊதாதே என்றாய், நிறுத்திவிட்டேன். எழுதாதே என்று நீ சொல்லவில்லை. ஆனாலும் இத்தனை நாள் எழுத வரவில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும்.

டெல்லின் கப்பலில் ரொட்டி சுட்ட பையன் ஒருவன் வந்திருந்தான். பெயர் க்ளெம் ஹோயர். ஒஹையோ மாநிலத்துக்காரன், வீடு திரும்பும் வழியில் ரயிலை விட்டிறங்கி நம் வீட்டைத் தேடி வந்தான். வாசலில் நின்று, “டெல் க்ரைடரோட வீடு இதுதானுங்களா?” என்று கேட்டான். சமையலறையில் உட்கார வைத்தேன். நான் வறுத்த மீனைச் சாப்பிட்டான். நீ இல்லையே என்று கேட்டான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நான் விட்டுவந்த பிறகு கப்பல் நியூயார்க் போனது. அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்து. கடலில் அது ஆடிய ஆட்டத்தில் மாவுப் பீப்பாய்கள் உருண்டு, க்ளெம் மாவுக்குள் நீந்தினானாம். “டெல் வந்து என்னைப் பார்த்துட்டு, ‘பேய் வந்துருச்சு’ன்னு கத்திட்டு ஓடினான் சார்” என்று சொல்லிச் சிரித்தான். நம் வீட்டில் யாரும் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ஜூன் மாதம் டாங்கிகளை ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் கரைக்குப் போனார்கள். போய் மணலில் முட்டினார்கள். அலை வடிந்ததும் கப்பல் கரையில் போட்ட மீன் மாதிரி மணலிலேயே உட்கார்ந்துவிட்டது. கதவு திறந்தது. டாங்கிகள் இறங்கின. நீ கேட்டாயே, எஞ்சின் அறை பின்னால்தான் இருந்தது ஐடா. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாங்கிகள் இறங்கிக் காலியான கப்பல் கூடத்தில் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்த ஆரம்பித்தார்கள். சுவரில் கொக்கிகள் உண்டு, அடுக்கடுக்காக ஸ்ட்ரெச்சரை மாட்டலாம். தூக்க ஆள் போதவில்லை. கப்பல் மணலில் கிடக்கும்போது எஞ்சின்காரர்களுக்கு என்ன வேலை? இவன் இறங்கிப் போனான். நம் ஆட்கள் எல்லோரையும் ஏற்றி முடித்தார்கள். இதற்கு அப்புறம் க்ளெம் சொல்லத் தயங்கினான். நான் விடவில்லை.

“மிச்சம் இருந்தது ஜெர்மன்காரங்க சார். கைதிங்க. அதுல ஒருத்தன் சின்னப் பையன், கால்ல அடி. தண்ணி ஏறுது, விட்டுட்டு வந்துருடான்னு நான் கதவுகிட்ட நின்னு கத்தினேன். ‘அவன் அம்மா அம்மான்னு கத்துறான் க்ளெம். அந்தப் பாஷையில எனக்குப் புரியற ஒரே வார்த்தை அதுதான்’னு சொல்லிட்டுப் போனான்.”

தூக்கிக்கொண்டு வரும்போது முன்பக்கம் பிடித்திருந்தவன் டெல். மணலில் கண்ணிவெடி இருந்திருக்கிறது.

அலை ஏறிவிட்டது. கப்பல் கிளம்பியாக வேண்டும். அவன் உடலைக் கரையில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அங்கே மேட்டில் புதைத்திருக்கிறார்கள்.

நான் க்ளெம்முக்கு நன்றி சொல்லி ரயிலேற்றிவிட்டு வந்தேன். வந்து, மீன் வறுத்த சட்டியைச் சுவரில் வீசினேன். யாருக்காகப் போனான் பார்த்தாயா? அவர்களில் ஒருவனுக்காக.

ஹார்லன்


படூக்கா
நவம்பர் 2, 1945

ஹார்லன்,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் நடந்தேன். நெட்டி பயந்து என் பின்னாலேயே வந்தாள்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. இரவு பகலாக நான் கற்பனை செய்ததெல்லாம் வேறு. அவன் நெருப்புக்குள் மாட்டிக்கொண்டான், பூட்டிய அறைக்குள் தண்ணீர் ஏறியது, கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்டு இவன் போயிருக்கிறான். சின்ன வயதில் வெள்ளம் வந்தபோது ரோடா வீட்டுப் பன்றிக்குட்டிக்காகக் கூரையிலிருந்து குதித்தானே, அதே பிள்ளைதான். போர் அவனை மாற்றவில்லை. இதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன் போலிருக்கிறது.

அந்த ஜெர்மன் பையன் என்ன ஆனான்? நீ எழுதவில்லை.

சட்டி உடைந்துவிட்டதா?

ஐடா


எவன்ஸ்வில்
ஏப்ரல் 20, 1947

ஐடா,

அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் புதைத்தவர்களை, குடும்பம் விரும்பினால் ஊருக்குக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். இல்லையென்றால் அங்கேயே நிரந்தரக் கல்லறை. அவன் கல்யாணமாகாதவன் என்பதால் அப்பாவிடம் கேட்கிறார்கள். என் கையெழுத்து போதும். உன்னைக் கேட்காமல் போடமாட்டேன்.

ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில் என் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துவிட்டேன். அங்கிருந்து ஆறு தெரிகிறது. அவனைக் கொண்டுவந்துவிடலாம் ஐடா. வாழ்நாள் முழுவதும் ஒவ்வொன்றையும் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். என் பிள்ளையை மட்டும் பாதி வழியில் விட்டுவிட்டேன்.

நீ முன்பு ஒன்று கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. க்ளெம் அன்றைக்கே சொன்னான், எனக்குத்தான் எழுதக் கை வரவில்லை. அந்தப் பையன் பிழைத்துவிட்டான். அதே கப்பலில், நம் பிள்ளை ஏற வேண்டிய கப்பலில், அவன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தான்.

ஹார்லன்


படூக்கா
மே 1, 1947

ஹார்லன்,

வேண்டாம்.

அவனைத் தோண்டி எடுத்து, பெட்டியில் போட்டு, மறுபடி ஒரு கப்பலில் ஏற்ற வேண்டாம். போதும். அவன் ஒருமுறை கடலைத் தாண்டியது போதும்.

ஓக் ஹில்லுக்கு நீ ஞாயிற்றுக்கிழமை பூ கொண்டுபோவாய், புல் வெட்டுவாய். நான் எங்கிருந்து வருவேன்? நீயும் நானும் ஒரு கல்லின் இரண்டு பக்கமும் பேசாமல் நிற்போம். முன்பு நடுவில் தந்தி, இப்போது கல். அதற்கு அவனைக் கூப்பிடாதே.

அந்தப் பையன் பிழைத்தான் என்று படித்ததும் அழுதேன். நீ நினைக்கும் அழுகை இல்லை அது.

ஐடா


நியூ ஆர்லியன்ஸ்
ஆகஸ்ட் 24, 1947

ஐடா,

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இது வேறு விஷயம்.

இழுவைப் படகில் வேலை கொடுத்திருக்கிறார்கள். போரில் மிஞ்சிய கப்பல்களைச் சரக்குக்காரர்கள் வாங்கி, எஞ்சினைக் கழற்றிவிட்டு எண்ணெய்த் தோணியாக்குகிறார்கள். இந்த முறை ஒன்றை ஆற்றின் மேல்பக்கம், அப்படி வெட்டி மாற்றும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். துறையில் போய்ப் பார்த்தேன். எண் பாதி அழிந்திருந்தது. மீதிப் பாதி போதும் எனக்கு.

அதேதான் ஐடா.

அன்றைக்குப் பிறகும் அது எத்தனையோ தடவை இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போய் வந்ததாம். போகும்போது டாங்கி, வரும்போது காயம்பட்டவர்கள். பிறகு கரையில் ரயில் பெட்டிகளைக்கூட இறக்கியதாம். ஜப்பான் பக்கம் அனுப்ப நம் நாட்டுக்குக் கொண்டுவந்தபோது போர் முடிந்துவிட்டது. அதன் பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை. துருப்பிடித்து நிற்கிறது.

வேறு பைலட்டிடம் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். கீழே கொண்டுபோனவன் நான். மேலே கொண்டுவருவதும் நானாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் படூக்காவில் டீசல் போட நிற்போம். நீ பார்க்க விரும்பினால் வா. விரும்பாவிட்டால் ஜன்னலை மூடிக்கொள். சங்கு ஊதமாட்டேன்.

ஹார்லன்


படூக்கா
செப்டம்பர் 14, 1947

ஹார்லன்,

கப்பலிலிருந்து என்னை இறக்கிவிட்டபோது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏணியில் ஏறும்போது, “தலை, தலை! குனி!” என்று நீ கத்தியது பழைய குரல். மூன்று வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கத்தவில்லை.

டாங்கி நின்ற அந்தப் பெரிய கூடம் எவ்வளவு வெறுமையாக இருந்தது! மழைத்தண்ணீர் தேங்கி, புறா கூடு கட்டி. சுவரில் கொக்கிகளைக் காட்டினாய். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன். டெல்லுக்காகத் தொடுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். அவன் அதில் கிடக்கவேயில்லையே. அந்த ஜெர்மன் பையன் எந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டு போனான் என்று தேடினேன். எங்கேயோ ஒருத்தி அவனுக்கு இன்று சாப்பாடு போட்டிருப்பாள். உனக்கு இது பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன், உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

எஞ்சின் அறையில் எஞ்சினே இல்லை. நீ பேசும் குழாயின் வாயில் கை வைத்தபடி நின்றாய். “ஏதாவது பேசேன்” என்று நான் சொன்னேன். “இந்த முனையில பேசுறவன் இல்லையே” என்றாய். பிறகு நீ அழுதாய். தந்தி வந்தபோது அழாதவன், அவ்வளவு பெரிய இரும்பு அறைக்குள் நின்று அழுதாய், அது சுவரில் முட்டித் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் தோளில் கை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, அதுதான் இந்தக் கடிதம்.

கையெழுத்து விஷயத்தில் உனக்கு எது சரி என்று தோன்றுகிறதோ அதைச் செய். இனி நான் தடுக்கமாட்டேன்.

ஐடா


எவன்ஸ்வில்
அக்டோபர் 5, 1947

அன்புள்ள ஐடா,

பட்டறையில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். முதல் வேலையாக முன்கதவை வெட்டி எடுத்தார்கள். இரண்டு பையன்கள் இரும்பு வெட்டும் நெருப்புக் குழாயோடு ஏறி, வேடிக்கை பேசிக்கொண்டே வெட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கதவு மண்ணில் விழுந்தபோது தரை அதிர்ந்தது. அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

ஆறு முழுக்க அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது என் மனதில் ஓடியது ஒன்றுதான்: கொண்டுவந்துவிட்டேன், கொண்டுவந்துவிட்டேன். வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் கையில் ஒன்றுமில்லை ஐடா. ஒரு இரும்பு ஓடு. பெட்டியில் அவனைக் கொண்டுவந்தாலும் இப்படித்தான் நிற்பேன் என்று அன்றைக்குப் புரிந்தது. நான் கேட்பது அவர்களால் அனுப்பக்கூடிய பொருள் இல்லை.

அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உனக்காக மட்டும் என்று நினைக்காதே.

அந்தப் பையனைப் பற்றி நீ எழுதியதை இரண்டு மூன்று முறை படித்தேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அவன் சாகவில்லை என்பதில் எனக்கு வருத்தமும் இல்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால் முடியும்.

ஹார்லன்


படூக்கா
அக்டோபர் 11, 1947

ஹார்லன்,

உன் கடிதம் வந்தது. அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நிலையத்துக்கு வராதே, எல்லோர் முன்னாலும் நம் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. பின்கதவைத் திறந்து வை. ரோடா கோழிகளைத் திருப்பித் தரமாட்டாள், நீயும் கேட்காதே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து வரவில்லை. சரியாகாது. நெட்டி என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் நேற்று சாப்பிடும்போது டெல்லின் பேச்சு வந்தது. அவன் சிரிக்கும்போது மூக்கால் ஒரு சத்தம் வருமே, அதைச் செய்து காட்டப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. நெட்டிக்கு அது என்ன சத்தம் என்றே தெரியவில்லை.

உனக்கு அது வரும்.

ஐடா